பட்டன் பெட்டியில் ஒரு மூலைக்குழி

காஜாக்காவின் கைகள் சட்டையைப் பார்க்காமலே வேலை செய்யும். இடது கட்டைவிரல் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொள்ள, வலது கை ஊசியை நாலு ஓட்டையிலும் ஏற்றி இறக்கி, பட்டனுக்கு அடியில் மூன்று சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டு, கத்தரிக்கோலுக்குப் போய்த் திரும்பும். ஒரு பட்டனுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த வியாழக்கிழமை மதியம் இரண்டேகால் ஆகும்போது அவள் இருபத்தொன்பதாவது சட்டையின் ஐந்தாவது பட்டனில் இருந்தாள். மொத்தம் நாற்பது சட்டை. எல்லாம் ஏதோ ஒரு கம்பெனியின் காவலாளிகளுக்கான வெள்ளைச் சீருடை. முன்பக்கம் ஏழு பட்டன், பைக்கு ஒன்று, உள்மடிப்பில் உபரியாக ஒன்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டெய்லர் மாஸ்டருக்குப் போய்ச் சேர வேண்டும்.

எதிரே, பாயில், காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது சில்லறை. வயது மூன்றுக்கு இரண்டு மாதம் குறைவு. எதிர்வீட்டுக் கண்டக்டரம்மாவின் மகள். ஓயாமல் கையை நீட்டிக்கொண்டே இருக்கிறாள், பயணிகள் சில்லறை கேட்கிற மாதிரியே, என்று அம்மாவே வைத்த பெயர். அப்பா கப்பலில் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, பிள்ளை தன்னைப் பார்த்து அழுவதை நிறுத்துவதற்குள் திரும்பிப் போய்விடுவார். அம்மாவுக்குப் பஸ்ஸில் ஷிப்ட். அதனால் பிள்ளை வளர்ந்ததே காஜாக்காவின் பாயில்தான். பட்டன் அம்மா என்பது அதன் வாயில் பட்டம்மா என்று வரும்.

"பட்டம்மா, இது நாலு கண்ணு. இது ரெண்டு கண்ணு."

"ஆமா. நாலு கண்ணை இந்தக் குழில போடு, ரெண்டு கண்ணை அந்தக் குழில போடு."

சட்டையில் பட்டன் நுழைகிற ஓட்டைக்குக் காஜா என்று பெயர். அதைத் தைத்துப் பட்டனும் வைக்கிற பிரிவின் மெஷினில் பதினேழு வயதில் உட்கார்ந்தவள் அவள். பெரிய ஆயத்த ஆடைத் தொழிற்சாலை. வரிசைக்கு நாற்பது பேர். கல்யாணம் ஆனது, ஒரு மகன் பிறந்தது, கட்டியவர் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தது, மகன் படித்து வேலைக்கு வேறு ஊருக்குப் போனது எல்லாம் அந்த மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோதே நடந்தவை. ஒருமுறை ஊசி விரலில் இறங்கி மறுபக்கம் வந்தது. சூப்பர்வைசர் மயங்கி விழுந்தார். இவள் ஊசியைப் பிடுங்கிவிட்டு அவர் முகத்தில் தண்ணீர் தெளித்தாள். ஐம்பத்தைந்தில் தொழிற்சாலை வீட்டுக்கு அனுப்பியது. மூன்றாம் மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை, ஒரு ஜன்னல் உள்ள வீட்டில், கையால் பட்டன் வைக்கும் வேலையைத் தொடங்கினாள். பெயர் மட்டும் காஜாக்கா என்றே நின்றுவிட்டது. அவளுடைய சொந்தப் பெயரைக் கேட்டால் தபால்காரர்கூடக் கொஞ்சம் யோசிப்பார்.

தொழிற்சாலைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பட்டனை உதட்டில் கவ்விக்கொள்வார்கள். கை இரண்டும் துணியில் இருக்கும்போது அடுத்த பட்டன் எங்கே இருக்க வேண்டும்? வாயில்தான். காஜாக்கா முப்பத்தெட்டு வருஷம் அப்படி வேலை செய்தவள். உதட்டில் ஐந்து பட்டனை வைத்துக்கொண்டே சண்டை போடுவாள், ஒன்றுகூட விழாது என்பது தொழிற்சாலையில் பிரசித்தம். ஆனால் சில்லறை பாயில் தவழ ஆரம்பித்த அன்றே அந்தப் பழக்கத்தை விட்டாள். "நான் வாயில போட்டா அதுவும் போடும்" என்றாள். அவ்வளவுதான். அதோடு பிள்ளையையும் பழக்கினாள். பட்டனை வாய்க்குக் கொண்டுபோனால் கையைப் பிடிப்பாள்; திட்ட மாட்டாள், கத்த மாட்டாள், பிடித்த கையைக் குழிக்குக் கொண்டுபோவாள். ஒன்றரை வயதில் பிள்ளை கற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு ஒரு பட்டன்கூட வாய்க்குப் போனதில்லை. யார் வீட்டுக்கு வந்தாலும் காஜாக்கா இதைச் சொல்லிப் பெருமைப்படுவாள். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான்.

யானைக்கும் அடி சறுக்கும். இவளுக்குச் சறுக்கிய இடம் பட்டன் பெட்டியின் மூலைக்குழி.

மூன்று வருஷத்துக்கு முன் மூக்குக்கண்ணாடி மாற்றப் போன இடத்தில் கையில் பட்டையைச் சுற்றி அழுத்திப் பார்த்து, ரத்தக்கொதிப்பு என்றார்கள். "எனக்கா பிரஷர்? குக்கருக்குத்தான் பிரஷர்" என்று சிரித்துவிட்டு வந்தவள், இரண்டாம் தடவை தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற பிறகு மாத்திரை வாங்கினாள். தினம் காலையில் ஒன்று. அதில் இரண்டு சிக்கல். ஒன்று, மறதி. இரண்டு, கட்டைவிரல். நாற்பது வருஷம் பட்டனை அழுத்திய கட்டைவிரலின் மூட்டு தேய்ந்துபோயிருந்தது. காலையில் அது மாத்திரை அட்டையைக் கிழிக்க மறுத்தது. ஆகவே மாத்திரை தீரும்போதெல்லாம் கத்தரிக்கோல் நுனியால் புது அட்டையின் பத்து மாத்திரையையும் மொத்தமாகப் பிதுக்கி எடுத்து, இருபத்துநாலு குழி உள்ள பட்டன் பெட்டியின் மூலைக்குழியில் போட்டு வைத்தாள். நாள் முழுக்கக் கண் படுகிற இடம் அது. மறதிக்கு மருந்தாயிற்று. கட்டைவிரலுக்கும் ஆயிற்று. மூன்று வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை.

வெள்ளை மாத்திரை. சட்டைப் பட்டன் அளவு. கண் மட்டும் இல்லை.

இரண்டேகால் மணிக்கு மாஸ்டர் போன் செய்தார். வீட்டுக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்காது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித்தான் பேச வேண்டும்.

"எத்தனை முடிஞ்சுதுக்கா?"

"இருபத்தெட்டரை."

"சாயங்காலமே குடுக்க முடியுமா?"

"நாளைக்குச் சாயங்காலம்னு நீங்கதானே சொன்னீங்க மாஸ்டர்? உங்க நாக்குல காஜா எடுத்திருக்கா, சொன்ன பேச்செல்லாம் ஒழுகிப்போகுது?"

மாஸ்டர் சிரித்தார். அவள் போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். மூன்று நிமிடம் ஆகியிருக்கலாம்.

சில்லறை முகத்தைக் கோணலாக வைத்துக்கொண்டு நாக்கை வெளியே நீட்டியிருந்தது. நாக்கில் வெள்ளையாக மாவு மாதிரி ஏதோ.

"கசக்குது பட்டம்மா."

ஊசி கையில்தான் இருந்தது. அதை ஊசித் தலையணையில் குத்தி வைத்த பிறகுதான் குனிந்தாள். கைக்கு அது நாற்பது வருஷப் பழக்கம். மனசு சொல்லி நடந்ததில்லை. பிள்ளையின் கன்னத்தை அழுத்தி வாயைத் திறந்து, சுட்டுவிரலை வளைத்து உள்ளே ஒரு சுற்றுச் சுற்றித் துடைத்து எடுத்தாள். கரைந்துபோன அரை மாத்திரை விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. பிறகுதான் மூலைக்குழியைப் பார்த்தாள்.

நாலு.

ஞாயிறு சாயங்காலம் புது அட்டை, பத்து. திங்கள், செவ்வாய், புதன், வியாழன் நாலு போயிற்று. மீதி ஆறு இருக்க வேண்டும். பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். பாயை உதறினாள். பிள்ளையின் கவுன் மடிப்பை உதறினாள். மேஜைக்கடியில் பார்த்தாள். நாலுதான். இரண்டு போயிருக்கிறது, அதில் அரை விரலில் இருக்கிறது.

"ஏன்டா கண்ணு வாயில போட்டே? பட்டனை வாயில போடக்கூடாதுன்னு உனக்குத் தெரியுமே?"

பிள்ளை அவளை விசித்திரமாகப் பார்த்தது. இவ்வளவு பெரியவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பது மாதிரி.

"இது திங்கற பட்டன். நீயும் காலைல திம்பியே."

காஜாக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அரை நிமிடம்தான். கண்டக்டரம்மாவுக்கு என்ன சொல்வது என்ற நினைப்பும் அதே அரை நிமிடத்தில் வந்துபோயிற்று. பிள்ளை சும்மாதானே இருக்கிறது, சிரிக்கிறது, சாயங்காலம்வரை பார்க்கலாமே, ஒன்றும் ஆகாவிட்டால் யாருக்கும் தெரிய வேண்டாமே என்றுகூட மனசு ஒரு ஓரத்தில் கணக்குப் போட்டது. அந்தக் கணக்கை அவள் வாய்விட்டே திட்டினாள். "ச்சீ, மூடு" என்றாள். பிள்ளை வாயை மூடிக்கொண்டது.

பிள்ளையின் தடுப்பூசி அட்டை அவளிடம்தான் இருக்கும். அதன் பின்பக்கத்தில் குழந்தைகள் ஆஸ்பத்திரியின் அவசர எண் அச்சடித்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். இரண்டாவது மணியில் ஒரு பெண் குரல் எடுத்தது.

"குழந்தை வயசு?"

"மூணு ஆகப்போவுது. பன்னெண்டரை கிலோ, போன மாசம் எடை போட்டது. என்னோட பிரஷர் மாத்திரையை முழுங்கிடுச்சு. ரெண்டு. அரையைத் தோண்டி எடுத்துட்டேன். ஒண்ணரை உள்ள போயிருக்கும். இப்ப ரெண்டு இருபத்தஞ்சு. ரெண்டேகாலுக்கு மேலதான் நடந்திருக்கணும்."

அந்தப் பக்கம் எழுதிக்கொள்கிற சத்தம். "மாத்திரை பேர் தெரியுமா?"

பெயர் தெரியாது. ஆனால் அட்டை இருந்தது. காஜாக்கா காலியான மாத்திரை அட்டைகளைத் தூக்கிப் போட மாட்டாள்; மழுங்கின கத்தரிக்கோலால் அந்தத் தகட்டை நாலைந்து தரம் வெட்டினால் கூர் வந்துவிடும். அந்த வாரத்து அட்டை இன்னும் வெட்டுப்படாமல் கத்தரிக்கோலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தாள். எத்தனை மில்லிகிராம் என்பதையும் படித்தாள்.

"நல்லாக் கேளுங்க" என்றது குரல். "வாந்தி எடுக்க வைக்காதீங்க. உப்புத் தண்ணி, பால் எதுவும் குடுக்காதீங்க. குழந்தை இப்ப நல்லாத்தான் இருக்கும். அதை நம்பாதீங்க. இந்த மாத்திரை மெதுவாத்தான் வேலையைக் காட்டும். அட்டையை எடுத்துக்கிட்டு உடனே வாங்க. இப்பவே."

"வர்றேன்மா."

அடுத்த போன் பஸ் டெப்போவுக்கு. கண்டக்டரம்மா ஓடுகிற பஸ்ஸில் இருப்பாள். கையில் போன் எடுக்க அவளுக்கு அனுமதியில்லை. டெப்போவில் நேரக் கணக்கு எழுதுகிறவரிடம் காஜாக்கா சுற்றி வளைக்காமல் சொன்னாள்: "அவ குழந்தை என்னோட மாத்திரையைத் தின்னுடுச்சு. என் தப்பு. குழந்தைங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன். அவளை நேரா அங்க வரச் சொல்லுங்க. 'என் தப்பு'ங்கறதையும் சேர்த்துச் சொல்லுங்க." கடைசி வாக்கியம் எதற்கு என்று அவருக்குப் புரிந்திருக்காது. அவளுக்குப் புரிந்திருந்தது. வழியெல்லாம் பிள்ளைக்கு என்ன ஆயிற்று, யார் பார்க்காமல் விட்டது என்று தவித்துக்கொண்டு வருகிறவளுக்கு அந்தக் கேள்வியாவது இல்லாமல் போகட்டும் என்றுதான்.

கீழ்வீட்டில் டாக்சி ஓட்டுகிறவருக்கு ஆமை என்று பெயர். முப்பது வருஷத்தில் ஒரு கீறல் படாத வண்டி. அவர் ஓட்டுகிற வேகத்துக்குக் கீறல் தானாகத் தேடி வந்தால்தான் உண்டு. சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் வந்து வண்டியை எடுத்தார்.

"உப்புத் தண்ணியைக் கரைச்சுக் குடுங்கக்கா, எல்லாம் வெளிய வந்துடும்."

"தம்பி, ரோட்டைப் பாரு. வைத்தியம் அங்க பாக்கறாங்க."

"இல்லக்கா, எங்க சித்தப்பா ஒருதரம்…"

"உங்க சித்தப்பா இப்ப இருக்காரா?"

ஆமை வேகத்தைக் கூட்டினார். அன்றைக்கு அந்த டாக்சி போன போக்கைப் பார்த்து, யாரோ வண்டியைத் திருடிக்கொண்டு போகிறார்கள் என்று முனைக்கடைக்காரர் நினைத்தாராம். சில்லறைக்குக் கொண்டாட்டம். ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு, "ரைட், ரைட், போலாம்" என்று அம்மா குரலில் கத்திக்கொண்டே வந்தது. காஜாக்கா அதன் மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்து நாடியை எண்ணிக்கொண்டே வந்தாள். எண்ணுவது ஒன்றுதான் அவளுக்கு அப்போது வந்த வேலை.

அவசரப் பிரிவின் வாசலில், நீல உடுப்பில் ஒரு நர்ஸ் நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கும். "ஒண்ணரை மாத்திரையா?" என்றாள். போனில் கேட்ட அதே குரல். பிள்ளையை இவள் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டு, கேள்வி கேட்டபடியே நடந்தாள்.

"ஒண்ணரைன்னு நான் சொல்றது என் கணக்கு" என்றாள் காஜாக்கா. "நீங்க ரெண்டுன்னே வச்சுக்கங்க. குறைச்சு வச்சுத் தப்பாப் போறதைவிடக் கூட வச்சுக்கறது நல்லது."

நர்ஸ் நின்று அவளை ஒரு தடவை பார்த்தாள். "பாதிப் பேர் வந்து, 'என்னமோ தின்னுச்சு, எத்தனைன்னு தெரியல, என்னன்னு தெரியல'ன்னுதான் சொல்வாங்கம்மா" என்றாள்.

மார்பில் மூன்று ஒட்டுகள், விரலில் ஒரு கிளிப், கையில் ஊசி ஏற்றி ஒரு குழாய். ஊசிக்குச் சில்லறை மாடி இடிகிற மாதிரி கத்தியது. பிறகு கரித்தூள் கலந்த கருப்புத் தண்ணீர். வயிற்றில் மீதி இருக்கிற மருந்தை அது இழுத்து வைத்துக்கொள்ளும் என்றார் டாக்டர். நர்ஸ் அதை மூடி போட்ட கோப்பையில் ஊற்றி உறிஞ்சுகுழல் போட்டுக் கொடுத்தாள். பிள்ளை ஒரு வாய் உறிஞ்சி, கருப்பு மீசையோடு காஜாக்காவைக் குற்றம் சாட்டுவது போலப் பார்த்தது.

"இதைத் திங்கலாமா?"

"இதைத் திங்கலாம். நான் சொல்றேன். இந்த ஒரு தடவை."

அம்மா வந்தபோது மணி மூன்றரை. காக்கிச் சீருடை, தோளில் டிக்கெட் பை, வாயில் விசில். விசிலை எடுக்கக்கூட மறந்து ஓடி வந்திருந்தாள். வழியில் பஸ்ஸை நிறுத்தி, டிரைவர் வேறொரு பஸ்ஸில் ஏற்றி விட்டாராம். கட்டிலைப் பார்த்தாள். ஒயர்களைப் பார்த்தாள். பிள்ளையின் கருப்பு மீசையைப் பார்த்தாள். காஜாக்கா எழுந்து நின்றாள். எதையும் வாங்கிக்கொள்வதற்கு நிற்கிற நிற்பு அது.

"எத்தனை?" என்றாள் கண்டக்டரம்மா.

"ஒண்ணரை. பெட்டில வச்சிருந்தேன். பட்டன் பெட்டில. நான்தான்…"

"தெரியும். டெப்போல சொன்னாங்க. உக்காருங்க."

காஜாக்கா உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் கட்டில்.

நாலரை மணிவரை ஒன்றும் இல்லை. சில்லறை மானிட்டரில் ஓடுகிற பச்சைக் கோட்டைப் பார்த்து, "தைக்குது, தைக்குது" என்றது. இதற்கா இத்தனை அமளி என்று பக்கத்துக் கட்டில் அம்மா கேட்டாள். ஐந்து மணிக்குப் பிள்ளையின் பேச்சு குறைந்தது. ஐந்தரைக்கு உதடு வெளுத்தது. கால் விரல்களைத் தொட்ட காஜாக்கா எழுந்து, "சில்லுனு இருக்கு" என்று நர்ஸைக் கூப்பிடுவதற்கும், மானிட்டர் கூவுவதற்கும் சரியாக இருந்தது. இரண்டு டாக்டர்கள் வந்தார்கள். குழாய் வழியே உப்புநீர், பிறகு கால்சியம், மெதுவாக, மானிட்டரைப் பார்த்துப் பார்த்து. கண்டக்டரம்மா பிள்ளையின் தலைப்பக்கம் நின்று காதில் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள். பஸ் நிறுத்தங்களின் பெயர்கள், வரிசையாக. சில்லறைக்கு அதுதான் தாலாட்டு.

காஜாக்கா சுவரோரம் நின்றாள். அவள் அழவில்லை, அழுகிறவளை யாராவது கவனிக்க வேண்டியிருக்கும், அங்கே யாருக்கும் அதற்குக் கை ஓய்வில்லை. திரையில் வருகிற எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். குறைந்தது. இன்னும் குறைந்தது. நின்றது. வெகுநேரம் அங்கேயே நின்றது. பிறகு இரண்டு ஏறிற்று. மூன்று ஏறிற்று. "வருது" என்றார் டாக்டர், யாருக்கும் இல்லாமல்.

அந்த ராத்திரியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எண் இறங்கவில்லை. அதுதான் அந்த ராத்திரி.

விடிந்து ஆறு மணிக்குச் சில்லறை கண்ணைத் திறந்து, கையை நீட்டி, "பிஸ்கட்" என்றது. கண்டக்டரம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில் குழந்தை விழித்துக்கொண்டது. நாடி, இதயம், சர்க்கரை எல்லாம் பார்த்துவிட்டு, மத்தியானம்வரை வைத்திருந்து அனுப்பிவிடலாம் என்றார் டாக்டர். "சீக்கிரம் கொண்டுவந்தீங்க. என்ன மாத்திரை, எத்தனை, எப்பன்னு கேள்விக்கெல்லாம் பதில் கையிலேயே இருந்துச்சு. நாங்க யோசிக்க வேண்டி வரல. செய்ய மட்டும்தான் வேண்டியிருந்துச்சு." சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

இரட்டை ஷிப்ட் முடிந்து கிளம்பிய நர்ஸ் காஜாக்காவிடம் வந்து குனிந்தாள். "நீங்க இன்னிக்கு மாத்திரை போட்டீங்களாம்மா?"

"எனக்கு அதைப் பாத்தாலே பயமா இருக்கு."

"பயம் இருக்கட்டும். போட்டுட்டுப் பயப்படுங்க. நீங்க விழுந்துட்டா இந்தக் குட்டிக்கு யாரு? அட்டையிலேயே இருக்கட்டும். பூட்டுக்குள்ள இருக்கட்டும். குழந்தை கண்ணுக்கு முன்னாடி மட்டும் போடாதீங்க."

காஜாக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸின் உடுப்பில் இரண்டாவது பட்டன் தளர்ந்து நூலில் தொங்குவது கண்ணில் பட்டது. இடுப்பில் எப்போதும் ஒரு ஊசியும் கொஞ்சம் நூலும் இருக்கும். "ஒரு நிமிஷம் அப்படியே நில்லும்மா" என்று சொல்லி, நின்ற நிலையிலேயே தைத்து, மூன்று சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டாள். அந்தப் பட்டன் அந்த உடுப்பு கிழிந்த பிறகும் விழாது.

கண்டக்டரம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் போன பிறகு டிக்கெட் பையை மடியில் கவிழ்த்தாள். டிக்கெட் கட்டு, பேனா, சீப்பு, தலைவலித் தைலம், ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா. டப்பாவைத் திறந்து காட்டினாள். உள்ளே சிவப்பு மாத்திரைகள். ரத்தம் குறைவென்று டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை.

"தினம் நான் வீட்டுக்கு வந்ததும் இவ இந்தப் பையைத்தான் முதல்ல கவுப்பா. விளையாடட்டும்னு விட்டுடுவேன். அப்பத்தான் நான் பத்து நிமிஷம் காலை நீட்ட முடியும். ராத்திரி உக்காந்து யோசிச்சேன்க்கா. உங்களை என்ன கேக்கணும்னு யோசிச்சேன். அப்பத்தான் இது ஞாபகம் வந்துச்சு."

"இதுவும் ஆபத்துதான் கண்டக்டரம்மா."

"நர்ஸைக் கேட்டேன். ஆபத்துல பிரஷர் மாத்திரைக்குத் தங்கச்சின்னு சொன்னாங்க. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு இருக்கணும்." டப்பாவை மூடினாள். "எண்ணி வச்சிருந்தீங்களே, அதுபோதும் எனக்கு. மறைக்காம சொன்னீங்களே, அது. என் பைல எத்தனை இருந்துச்சுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. பஸ்ல ஒரு டிக்கெட் குறைஞ்சா தெரியும்."

காஜாக்காவுக்குக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று நேற்று மதியத்திலிருந்து கூடவே இருந்தது. இனிமேல் பிள்ளையை என்னிடம் விடுவாயா என்பது அது. கேட்க வேண்டி வரவில்லை. கண்டக்டரம்மா தன் வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினாள்.

"நாங்க வர மத்தியானம் ஆகும். போய் உங்க வீட்டைப் பாத்துட்டு, அப்படியே என் வீட்டையும் பாத்துடுங்க. ஜன்னல்ல என்ன, கட்டிலுக்கடியில என்ன, எனக்கே தெரியாது. திங்கக்கிழமை எனக்கு முதல் ட்ரிப். ஆறரைக்கே கொண்டுவந்து விட்டுடுவேன்."

"ஆறே காலுக்குக் கொண்டாந்து விடு" என்றாள் காஜாக்கா. "ஓடி ஓடிப் போய் பஸ் ஏறாதே."

வெளியே ஆமை வண்டியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். இரவெல்லாம் அங்கேயே இருந்திருக்கிறார். திரும்பும்போது பழைய வேகம். மாட்டு வண்டி ஒன்று இருந்திருந்தால் முந்தியிருக்கும்.

"தம்பி, உனக்கும் பிரஷர்னு சொன்னியே. உன் மாத்திரை எங்க வச்சிருக்கே?"

ஆமை ஒரு கையை நீட்டி, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், பயணிகளின் பிள்ளைகளுக்கு என்று மிட்டாய் வைத்திருக்கும் தட்டைத் தொட்டுக் காட்டினார். அதிலிருந்த அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பைக்குப் பட்டன் இல்லை. அதைக் காஜாக்கா கவனித்து வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறைக் கதவைச் சாத்தினாள். வீட்டில் யாரும் இல்லை என்பது தெரிந்தும் சாத்தினாள். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். மீதி மூன்றையும், அலமாரியில் இருந்த புதிய அட்டைகளையும் ஒரு தகர டப்பாவில் போட்டு, ஸ்டூலில் ஏறி, துணி அலமாரியின் மேல் தட்டில் வைத்துப் பூட்டினாள். சாவியை ஒரு நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். மூலைக்குழியைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, பெரிய சிவப்புக் கோட்டுப் பட்டன்களால் நிரப்பினாள். அவை நாலு கண் உள்ளவை, அரை உள்ளங்கை அகலம். எந்த வாய்க்கும் போகாதவை.

பிறகு எதிர்வீட்டைத் திறந்தாள். நின்று பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் சில்லறை நின்று பார்ப்பதில்லையே. முழங்காலை ஊன்றி, கையை ஊன்றி, பிள்ளையின் உயரத்துக்கு இறங்கினாள். அந்த உயரத்தில் அது வேறு வீடு. மேஜை அடியில் ஒரு பேட்டரி. கழுவும் தொட்டிக்குக் கீழே கையெட்டுகிற இடத்தில் தரை கழுவும் திரவம். தலையணைக்கடியில் பாதி தீர்ந்த தைலம். ஒவ்வொன்றையும் எடுத்து முந்தானையில் போட்டுக்கொண்டே தவழ்ந்தாள்.

திறந்த வாசலில் ஆமையின் தலை தெரிந்தது. "என்னக்கா தொலைச்சிட்டீங்க?"

"ஒண்ணும் தொலையல தம்பி. நீயும் குனி. கட்டிலுக்கடியில என் கை எட்டல."

ஆமை குனிந்தார். முதுகு முனக முனக, கட்டிலுக்கடியில் பாதி உடம்பை நுழைத்து, கையை நீட்டி, தூசிக்குள்ளிருந்து எதையோ எடுத்துக் கொடுத்தார். ஒரு சிவப்பு மாத்திரை. காஜாக்கா அதைக் காகிதத்தில் மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டு, இன்னொரு தடவை தேடச் சொன்னாள். அவர் தேடினார். வேறு இல்லை.

ஒன்பது மணிக்குத் தன் பாய்க்குத் திரும்பி, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, ஊசித் தலையணையில் குத்தி வைத்த ஊசியை எடுத்தாள். நூல் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. ஆமையிடமிருந்து பிடுங்கி வந்த சட்டையில் பைக்கு ஒரு பட்டன் வைத்துவிட்டு, இருபத்தொன்பதாவது வெள்ளைச் சட்டையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆறாவது பட்டனைத் தைக்கத் தொடங்கினாள்.